பசையைக் கடைசியில் எடுங்கள்: சின்னப் பிள்ளைகளுடன் ஒட்டுப்படம் செய்யும் முறை

கிளி, மயில், பலூன் என்று ஒரு கோட்டுப்படத்தை வரைந்து கொடுத்து, உள்ளே வண்ணத்தாள் துண்டுகளை ஒட்டச் சொல்வதுதான் பெரும்பாலான எல்.கே.ஜி. வகுப்புகளில் கொலாஜ் என்ற பெயரில் நடக்கிறது. முப்பது பிள்ளைகள், முப்பது பச்சைக் கிளிகள். விரல்களுக்கு அதில் வேலை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எதை எடுப்பது, எங்கே வைப்பது, எது பெரிது, இன்னும் வேண்டுமா என்ற முடிவுகளையெல்லாம் கோடு போட்ட பெரியவரே எடுத்து முடித்துவிட்டார். ஒட்டுப்படத்தில் குழந்தை கற்பதெல்லாம் அந்த முடிவுகளுக்குள்தான் இருக்கிறது. ஒரு துண்டை எடுத்து, வைத்துப் பார்த்து, நகர்த்தி, பிடிக்காமல் வேறொன்றை எடுக்கிற அந்தப் பத்து நிமிடம்தான் பாடம். பசை பட்டவுடன் நகர்த்துவது நின்றுவிடும். அதனால் நான்கு வயதோ ஏழு வயதோ, வீடோ அங்கன்வாடியோ, ஒரே ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: பசையைக் கடைசியில் எடுங்கள்.

வீட்டில் கிடப்பதே போதும்

கடையில் விற்கும் கைவினைப் பெட்டி தேவையில்லை. பழைய நாளிதழ், பலசரக்குக் கடை விளம்பரத் தாள், கல்யாணப் பத்திரிகை, தையல்கடையில் விழும் வெட்டுத்துணி, சணல் கயிறு, உலர்ந்த இலை, வெங்காயச் சருகு, தேங்காய் நார் ஆகியவற்றை ஒரு மாதம் சேர்த்தாலே ஆறு மாதத்துக்கு வரும். தினசரி காலண்டரில் நாள்தோறும் கிழிக்கும் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அவ்வளவு பெரிய, தெளிவான எண் வேறெதிலும் இலவசமாகக் கிடைக்காது.

கல்யாணப் பத்திரிகையின் அட்டை தடிமனாகவும் பளபளப்பாகவும் இருப்பதால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். சாமி படம் அச்சிட்ட பக்கங்களை நீங்களே முன்கூட்டிப் பிரித்து எடுத்துவிடுங்கள். பிள்ளையாரைப் பாதியாக வெட்டிய பிறகு பாட்டியிடம் திட்டு வாங்கினால், அந்தப் பிள்ளை மறுநாள் கத்திரியைத் தொடாது.

ஒட்டுவதற்கான அடித்தாள் தடிமனாக இருக்க வேண்டும். புதுச் சட்டைக்குள் வைக்கும் அட்டை, பலகாரப் பெட்டி மூடி, பழைய மாதக் காலண்டரின் பின்புறம் எல்லாம் நன்றாக உழைக்கும். சாதாரண நோட்டுத் தாள் ஈரத்தில் அலை அலையாக நெளிந்துவிடும், ஏனென்றால் ஈரம் பட்ட இடத்தில் மட்டும் தாளின் நார்கள் விரிகின்றன. அளவு ஏ4 தாளில் பாதி போதும். பெரிய அட்டையைக் கொடுத்தால் மூன்று வயதுப் பிள்ளை பாதியிலேயே களைத்து, வெற்றிடத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும்.

கட்டாயம் ஒதுக்க வேண்டியவை சில உண்டு. குன்றிமணி எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைகள் கைக்கு வரக் கூடாது. அதன் பருப்பு கொடிய நஞ்சு, கடித்து உடைத்தாலே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். இலை பொறுக்கப் போகும்போது அரளியின் இலையையும் பூவையும் தவிர்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பருப்பு, பொத்தான், பாசிமணி எதுவும் வேண்டாம். 3 செ.மீ.க்கும் சிறிய கெட்டிப் பொருள் எதுவும் தொண்டையில் சிக்கலாம். கொண்டைக்கடலை, பட்டாணி போன்றவற்றுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு: மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருத்து, எடுப்பது கடினமாகிவிடும். அதற்கு மேற்பட்ட வயதிலும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டுமே பருப்பு. ஜிகினாத் தூள் விரலிலிருந்து கண்ணுக்குப் போகும், எந்த வயதிலும் அது வேண்டாம்.

பசை

சோற்றுப் பருக்கையால் கடித உறை ஒட்டிய வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். தாளுக்குத் தாள் ஒட்ட அந்த வகைப் பசையே போதும். மைதாவில் காய்ச்சினால் இன்னும் வழவழப்பாக வரும். கால் டம்ளர் மைதாவுக்கு அதே டம்ளரில் ஒரு டம்ளர் தண்ணீர் கணக்கு. தண்ணீரில் கால் பங்கை எடுத்து, பச்சைத் தண்ணீராகவே மைதாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கரைசலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடிபோல் ஆகும், அப்போது இறக்கிவிடலாம். ஆறியதும் கெட்டித் தயிர் பதத்தில் இருக்கும். இது பத்துப் பிள்ளைகளுக்குத் தாராளம். மைதாவை நேரே வெந்நீரில் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து கட்டி தட்டிவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது.

வெளியில் ஒரு நாள், குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, விரல் சூப்பும் வயதுப் பிள்ளைகளின் பசையில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது.

துணி, கயிறு, இலை, பருப்பு ஆகியவற்றை மைதாப் பசை தாங்காது. அவற்றுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை வேண்டும். குச்சிப் பசை மெல்லிய தாளுக்கு மட்டும் சரி. பசைப் புட்டியை அப்படியே பிள்ளை கையில் கொடுக்காமல், தண்ணீர்ப் புட்டி மூடியில் ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றி, காது குடையும் பட்ஸ் ஒன்றைத் தூரிகையாகக் கொடுங்கள். பசையை அடித்தாளில் பூசாமல் ஒட்டப்போகும் துண்டின் முதுகில் தடவுவது நல்லது. பாதி பசை மிச்சமாகும், தாளும் நெளியாது.

உட்காரும் இடம்

தரையில் பழைய சேலையை விரித்து, அடித்தாளுக்குக் கீழே மணையோ பலகையோ வைத்துவிட்டால் மேசை தேவையில்லை. முதல் எதிரி மின்விசிறி. துண்டுகளைத் தரையில் குவித்தால் ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் பறந்துவிடும். இதற்கு இட்லித் தட்டு மாதிரி நல்ல பாத்திரம் வேறில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு வகை என்று போட்டுவிட்டால் காற்றிலும் பறக்காது, வகை பிரிக்கும் வேலையும் நடந்துவிடும்.

பொருள்களை அளந்து வையுங்கள். மூன்று வயதுக்கு இரண்டு அல்லது மூன்று வகை, ஐந்து வயதுக்கு ஐந்தாறு. எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்காது, கையால் அளைந்து விளையாடிவிட்டு எழுந்துவிடும். நேரமும் அப்படித்தான். மூன்று வயதுக்குப் பதினைந்து நிமிடம் நிறைவு. ஐந்து வயதுப் பிள்ளை அரை மணிக்கு மேலும் உட்காரும்.

கிழித்தல், பிறகு கத்திரி

கத்திரிக்கு முன் கிழித்தல். இதை யாரும் பாடமாக நினைப்பதில்லை, ஆனால் பென்சில் பிடிக்கப் போகும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இரண்டரை வயதுப் பிள்ளை தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கும், தாள் கிழியாது, பிள்ளை அழும். இழுப்பதால் கிழியாது, ஒரு கை தன்னை நோக்கியும் மறுகை எதிர்ப்புறமும் திரும்ப வேண்டும். இரண்டு கட்டைவிரல் நுனிகளும் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக் காட்டுங்கள். விளிம்பில் 1 செ.மீ. அளவுக்கு நீங்கள் கிழித்துத் தொடங்கிக் கொடுத்தால் மீதியைப் பிள்ளையே முடித்துவிடும்.

நாளிதழ் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நேர்க்கீற்றாகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் படிந்திருப்பதுதான் காரணம். நான்கு வயதுப் பிள்ளையிடம் இரண்டு திசையிலும் கிழிக்கச் சொல்லி, “எந்தப் பக்கம் நேரா வருது?” என்று கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். மழைக்கு நேர்க்கீற்று, மலைக்குக் கோணல் விளிம்பு என்று அது தானே பயன்படுத்தத் தொடங்கும்.

கத்திரி மூன்று வயதை ஒட்டி. முனை மழுங்கியதாக இருக்கட்டும், அலகு கூர்மையாகவே இருக்கட்டும். வெட்டாத கத்திரி பிள்ளைக்குத் தன் கையே சரியில்லை என்ற எண்ணத்தைத் தரும். முதலில் 2 செ.மீ. அகலக் கீற்றுகளைக் கொடுங்கள், ஒரே வெட்டில் துண்டாகிவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டைபோல் விறைப்பாக இருப்பது நல்லது. நாளிதழ் மெல்லியது, அலகுகளுக்கிடையில் மடங்கிக்கொள்ளும். கட்டைவிரல் மேலே பார்க்க, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வளைவில் வெட்டும்போது கத்திரியைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள். இடது கைப் பிள்ளைக்கு இடது கைக் கத்திரி வாங்கிக் கொடுங்கள். வலது கைக் கத்திரியில் வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும், அலகுகளும் விலகித் தாளை நசுக்கும். அந்தப் பிள்ளைக்குக் கைப்பழக்கம் போதாது என்று நினைத்துவிடுகிறோம். தவறு கருவியில் இருக்கிறது.

வயதுக்கேற்ற வேலைகள்

இரண்டு, மூன்று வயதுக்கு அடித்தாள் முழுவதும் நீங்களே மெல்லிசாகப் பசை பூசிக் கொடுத்துவிடலாம். பசையைக் கடைசியில் எடுக்கும் விதிக்கு இந்த வயது விதிவிலக்கு. கிழித்ததை வைத்து அழுத்துவதுதான் அவர்களுக்கு வேலை. என்ன படம் என்று கேட்கத் தேவையில்லை. சொரசொரப்பு, வழவழப்பு, மொறமொறப்பு என்ற சொற்களை நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள். வெங்காயச் சருகைத் தொடும்போது வாயில் விழும் சொல் மறக்காது.

நான்கு வயதுக்குச் சேலைக் கரை. 5 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் ஓர் அட்டைப் பட்டை. 3 செ.மீ. சதுரத்தில் சிவப்புத் துண்டுகள் பத்து, மஞ்சள் பத்து. பட்டையில் பத்துத் துண்டுகள்தான் கொள்ளும், மிச்சம் இருப்பது தேர்ந்தெடுப்பதற்காக. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று ஆறு துண்டுகளை நீங்கள் வைத்துவிட்டு, மீதி நான்கைப் பிள்ளையிடம் விடுங்கள். ஒரே ஒரு முறை சிவப்பு, மஞ்சள் என்று வைத்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது, ஏனென்றால் எது திரும்ப வருகிறது என்பது இன்னும் தெரியவில்லை. மூன்று முறையாவது வந்தால்தான் ஒழுங்கு புலப்படும். பிள்ளை தனக்குப் பிடித்த சிவப்பையே இரண்டு முறை வைத்தால் தவறு என்று சொல்லாதீர்கள். விரலை வைத்துப் பாட்டுப்போல் முதலிலிருந்து படியுங்கள். “சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள்” என்று போய் “சிவப்பு, சிவப்பு” என்று இடறும்போது கண்ணுக்குத் தெரியாதது காதுக்குப் பிடிபடும், பிள்ளையே மாற்றி வைக்கும். பசை போட்டிருந்தால் மாற்ற முடிந்திருக்காது. இது எளிதானதும் சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று அடுத்த ஒழுங்குக்குப் போகலாம். அதன் பிறகு கரையைப் பிள்ளையே தொடங்கட்டும், நீங்கள் முடியுங்கள். தானே ஒழுங்கை உண்டாக்குவது, பார்த்துத் தொடர்வதைவிடக் கடினமானது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். வீட்டில் இருக்கும் சேலைகளின் கரைகளை அப்போது எடுத்துக் காட்டினால், எங்கே எது திரும்ப வருகிறது என்று தேடிக்கொண்டே இருக்கும்.

எண்ணுக்குக் காலண்டர் தாள். 5 என்ற எண்ணைக் கிழித்து நடுவில் வைத்து, சுற்றி ஐந்து இலை அல்லது ஐந்து துணித்துண்டு. ஒன்றைத் தொட்டால் ஓர் எண் சொல்ல வேண்டும். பாட்டுப்போல் எண்ணிக்கொண்டே போய்க் கை பின்தங்கினால், துண்டைத் தொடுவதற்குப் பதிலாக எடுத்து வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எடுத்து வைக்கும்போது வாய் தானாக நிதானப்படும். ஒரே ஐந்தை நெருக்கி ஒரு படமும் பரப்பி ஒரு படமும் செய்யச் சொன்னால், பரப்பியதில்தான் அதிகம் என்று நான்கு வயதுப் பிள்ளை அடித்துச் சொல்லும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த இயல்பு இது. திருத்தி வாதாட வேண்டாம், மறுபடி எடுத்து அடுக்கி எண்ணிப் பார்க்க இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள், போதும்.

எழுத்துக்கு அகர வரிசையில் தொடங்காதீர்கள். ‘அ’ வளைவும் சுழியுமாக இருக்கும் கடினமான எழுத்து. ‘ட’வுக்கு இரண்டு நேர்க்கீற்றுகள், ‘ப’வுக்கு மூன்று. 10 செ.மீ. கீற்றுகளை வைத்தே இரண்டையும் பிள்ளை உண்டாக்கிவிடும். அதன் பிறகு ‘ம்’ வந்தால் ‘படம்’ என்ற ஒரு முழுச் சொல்லே கையில் இருக்கும். வளைவு எழுத்துகளுக்குச் சணல் கயிறு. எழுத்தின் வடிவத்தில் வெள்ளைப் பசையை முதலில் கோடாகப் போட்டு, எழுதத் தொடங்கும் இடத்திலிருந்தே கயிற்றைப் படியவிட வேண்டும். அப்போதுதான் கை போகும் திசையும் சேர்ந்து பதியும். 10 செ.மீ. உயர ‘அ’வுக்கு அரை மீட்டர் கயிறு எடுத்து வையுங்கள். மிஞ்சினால் வெட்டிவிடலாம், பாதியில் போதாமல் போனால்தான் எரிச்சல். காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி என்ன எழுத்து என்று சொல்லும் விளையாட்டு, ஐந்து வயதில் எத்தனை முறை ஆடினாலும் சலிக்காது.

ஐந்தரை, ஆறு வயதில் உயிர்மெய் குழப்பும்போது ஒட்டுப்படம் இன்னொரு விதத்தில் கைகொடுக்கும். அங்கே பசையே வேண்டாம். 5 செ.மீ. அட்டைகளில் ‘க’ ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று. ‘க’வுக்குப் பின்னால் கால் வைத்தால் ‘கா’, முன்னால் ஒற்றைக்கொம்பு வைத்தால் ‘கெ’, இரண்டும் வைத்தால் ‘கொ’. கொம்பை மாற்றினால் ‘கோ’. எழுதும்போது முன்னால் வருவது சொல்லும்போது பின்னால் கேட்கிறது என்ற சிக்கலை எத்தனை முறை வாயால் விளக்கினாலும் புரியாத பிள்ளைக்கு, அட்டையை நகர்த்தும்போது புரியும். இதே வயதில் நாளிதழ்த் தலைப்புகளிலிருந்து எழுத்துகளை வெட்டித் தன் பெயரை அமைக்கச் சொன்னால், துணைக்காலை ‘ர’ என்று எண்ணித் தனியாக வெட்டிவிடும். அதை வெட்டிய பிறகு திருத்தாமல், வெட்டுவதற்கு முன்பே பென்சிலால் எழுத்தைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். எங்கே தவறு என்று உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

ஆறு, ஏழு வயதுக்குத் தெருப்படம். முதலில் நடந்துவிட்டு வாருங்கள். நாளிதழ்க் கீற்று சாலையாகட்டும், துணி வீடுகளாகட்டும், இலை மரங்களாகட்டும். கோவிலுக்குப் பக்கத்தில் எது, எதிரில் எது, எத்தனையாவது வீடு என்ற சொற்களெல்லாம் தானாக வரும்.

எங்கே கெடும்

பச்சை இலை இரண்டே நாளில் சுருண்டு கழன்று விழும். உள்ளே நீர், மேலே மெழுகுப் பூச்சு, பசை எதைப் பிடிக்கும்? நாளிதழுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். பூவரச இலையும் அரச இலையும் நன்றாகப் படியும். செம்பருத்தி இதழ் கறுத்துவிடும்.

படத்தை வெயிலில் காய வைக்காதீர்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து அட்டை வளைந்துவிடும். நிழலில் காயட்டும், தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, கனமான புத்தகங்களுக்குக் கீழே ஓர் இரவு வைத்தால் நேராகிவிடும். பருப்பு ஒட்டியதை மட்டும் அழுத்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மைதாப் பசை பூஞ்சை பிடிக்கும், கரப்பானும் தேடி வரும். அந்த மாதங்களில் வெள்ளைப் பசைக்கு மாறிவிடுவது நல்லது.

சில பிள்ளைகளுக்குக் கையில் பசை பட்டாலே பிடிக்காது. பட்ஸும் ஈரத்துணியும் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுக்கும் வேலையை மட்டும் செய்யட்டும் என்று விடுங்கள். கட்டாயப்படுத்தி விரலைப் பசையில் முக்குவதால் எந்த நன்மையும் இல்லை.

என்ன பேசுவது

“இது என்ன?” என்று கேட்டால் பிள்ளை ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும். “ரொம்ப அழகா இருக்கு” என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: “நீலத்துக்கு மேல பஞ்சு வச்சிருக்கே, கீழ ஒண்ணுமே வைக்கலையே.” பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து நொடி நீளமாகத் தெரியும், ஆனால் பதில் அதற்குப் பிறகுதான் வரும். கோணலாக ஒட்டிய துண்டை நேராக்க உங்கள் கை தானாக நீளும். அதை மடக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை நீங்கள் சரி செய்துவிட்டால், அடுத்த முறை “நீயே வச்சுக் கொடு” என்று அட்டையை உங்களிடம் நீட்டிவிடும்.

படத்தின் பின்புறம் தேதியும், பிள்ளை சொன்ன ஒரு வாக்கியமும் எழுதி வையுங்கள். “மீனு தண்ணி குடிக்குது” என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், “மீன் தண்ணீர் குடிக்கிறது” என்று மாற்ற வேண்டாம். தான் பேசியது எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, எழுத்து என்பது என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதம் இரண்டு படத்தை மட்டும் எடுத்து வைத்தால் போதும். மூன்று மாதம் கழித்து வரிசையாகப் பரப்பிப் பாருங்கள்: துண்டுகள் சிறிதாகி வருகின்றனவா, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தவை பிரிந்து இடம் பிடிக்கின்றனவா, பின்புறத்து வாக்கியம் நீண்டிருக்கிறதா என்று. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எது முதலில் செய்தது, எது பிறகு என்று அதுவே வரிசைப்படுத்தட்டும்.